பதினொரு நாள் வைத்திருந்த தோடம்பழத் தோல்

மரியரட்ணம் தன் வாழ்நாளில் முப்பத்தொரு நாவலாசிரியர்களின் வரலாற்றை எழுதினார். அவர்களில் ஒருவரைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை. பாதிப் பேருடைய பெயரைச் சரியாக உச்சரித்தாரா என்பதே சந்தேகம். 1988ஆம் ஆண்டு ஆடி மாதத்துக்குப் பிறகு அவர் பேனாவைத் தொடவில்லை. ஏன் எழுதுவதை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டவர்களிடம் கண் தெரியவில்லை என்றார். கண்ணில் ஒரு குறையும் இல்லை. ரொறன்ரோ நகரத்தின் நடுவில் ஒரு கார் பார்க்கிங்கின் வாசல் கூண்டுக்குள் இருந்துகொண்டு, தெருவின் அந்தக் கரையில் நிற்கும் காரின் இலக்கத்தை வாசிக்கக்கூடிய கண் அது. மனுசன் பொய் சொன்னார். அந்தப் பொய்யை மன்னித்துவிடலாம். அதற்கு முன்னர் சொன்ன ஒன்றைத்தான் அவராலேயே மன்னிக்க முடியவில்லை.

ஊரில் அவர் தலைமன்னார் இறங்குதுறையில் சுங்கக் கிளாக்கர். எழுபதுகளில் ராமேஸ்வரத்தில் இருந்து கப்பல் வரும்போதெல்லாம் சடை வளர்த்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் கும்பலாக வந்து இறங்குவார்கள். பாதி உலகத்தைச் சுற்றி வந்த களைப்பில், பை பாரம் என்று வாசித்த புத்தகங்களைச் சுங்க மண்டபத்து மர வாங்கிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். மற்றக் கிளாக்கர்மார் சிகரெட்டுக்கும் சட்டைக்கும் அடிபட, மரியரட்ணம் புத்தகம் பொறுக்கினார். அநேகமானவற்றுக்குக் கடைசிப் பக்கங்கள் இருக்காது. அவற்றைக் கிழித்துத்தான் அந்தப் பிள்ளைகள் கஞ்சா சுற்றினார்கள். ஆகவே பெரிய பெரிய நாவல்களையெல்லாம் மரியரட்ணம் முடிவு தெரியாமலே வாசித்தார். முடிவைத் தானே யோசித்து வைத்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

அந்தப் பழக்கம்தான் அவரை எழுத்தாளராக்கியது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஒரு மாதச் சஞ்சிகைக்கு உலக நாவலாசிரியர்களின் வரலாற்றைத் தொடராக எழுதினார். அவரிடம் இருந்த ஆதாரம் பின்னட்டையில் உள்ள ஐந்து வரி மட்டும். இன்ன ஆண்டில் பிறந்தார், தகப்பன் தச்சன், வறுமையில் வாடினார், இன்ன நகரத்தில் இறந்தார். இந்த ஐந்து வரியை மரியரட்ணம் ஆறு பக்கமாக்குவார். ஹங்கேரிக்காரர் ஒருவருக்கு விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் போனதும், அவருடைய மனைவி காதுத் தோட்டைக் கழற்றி அடைவு வைத்ததும் அவர் எழுதித்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. பிறேசில் நாட்டில் மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டே நாவல் எழுதிய ஒரு பெண்ணுக்கு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதும் வழக்கத்தை அவரே கொடுத்தார். எழுதும்போது அழுவார். வாசகர்களும் அழுது கடிதம் போட்டார்கள். ஏமாற்ற வேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்தவரில்லை. தெரியாத இடத்தை இரக்கத்தால் நிரப்பினார். அதுதான் அவருடைய எழுத்து முறை.

அந்த முப்பத்தொரு பேரிலும் அவருக்கு நெருக்கமானவர் ஆர்ஜென்ரீனாக்காரர் அனிபால் லெஸ்கானோ. ஓர் அவுஸ்திரேலியப் பெட்டை விட்டுவிட்டுப் போன, அட்டை கழன்ற நாவல் ஒன்றின் வழியாக அவர் வந்தார். அந்த நாவலில், கிழமைக்கு ஒரு ரயில் மட்டும் நிற்கும் புல்வெளி ஸ்ரேசன் ஒன்றில் ஒரு தந்திக்காரன். அவனுக்கு ஒருவரும் தந்தி அடிப்பதில்லை. அதனால் பக்கத்து ஸ்ரேசனுக்குப் போய்த் தனக்குத் தானே தந்தி அடித்துவிட்டு, ஓடிவந்து அதை எடுத்து வாசிக்கிறான். தண்டவாளம் கடலில் முடியும் இடத்தில் வேலை செய்த மரியரட்ணத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? லெஸ்கானோவும் ஸ்ரேசன் மாஸ்ரரின் மகன் என்று பின்னட்டை சொன்னது. "உவர் எங்கட ஆள்" என்று மனைவி யூஜினிக்கு அறிவித்தார். யூஜினி அப்போது கணவாய் மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். எங்கட ஆளென்றால் சாப்பிடக் கூப்பிடுங்கோ என்றாள்.

எண்பத்து நான்கில் கப்பல் நின்றது. அங்கே இருந்தால் உயிரும் நின்றுவிடும் என்ற நிலை வந்தபோது புருசனும் பெண்சாதியும் ரொறன்ரோ வந்து சேர்ந்தார்கள். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் ஒரு அப்பார்ட்மென்ற். யூஜினிக்கு ஓர் ஆஸ்பத்திரியின் துணி தோய்க்கும் பகுதியில் வேலை. மரியரட்ணத்துக்குப் பார்க்கிங் கூண்டு. கார் வரும், சீட்டுக் கொடுக்க வேண்டும். கார் போகும், சீட்டு வாங்க வேண்டும். இடையில் வாசிக்கலாம். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் புத்தகங்கள்தான் கட்டிலையும் கதிரையையும் பிடித்துக்கொண்டன.

இந்த ஊரின் பொது நூலகத்தில் அவருக்கு ஒரு தண்டனை காத்திருந்தது. அவர் எழுதிய ஆட்களின் உண்மையான வரலாறுகள் அங்கே தடித்தடிப் புத்தகங்களாக இருந்தன. ஹங்கேரிக்காரர் பெரிய காணிக்காரரின் மகன். வறுமை என்று பின்னட்டை சொன்னது இரண்டு வருடக் குடியினால் வந்த வறுமை. பிறேசில்காரி மருந்துச் சீட்டில் ஒருவரியும் எழுதவில்லை, தட்டச்சு செய்ய ஓர் ஆள் வைத்திருந்தாள். மரியரட்ணம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. யூஜினி விழுந்து விழுந்து சிரித்தாள். அடைவு வைத்த தோட்டை இனி மீட்டுக் குடுங்கோ என்றாள்.

லெஸ்கானோ மட்டும் அவரைக் கைவிடவில்லை. எண்பத்தைந்து கடைசியில், புதிதாக வந்த புத்தகங்களின் தட்டில் அவர் எழுதிய சிறை நினைவுகள் ஆங்கிலத்தில் இருந்தன. இராணுவ ஆட்சிக் காலத்தில் இலக்கத்தகடு இல்லாத காரில் வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கண்ணைக் கட்டி ஒரு நிலவறையில் போட்டார்கள். பக்கத்தில் ஒரு பேக்கரி. பாண் வேகும் வாசனை வந்தால் விடிந்துவிட்டது என்று அர்த்தம். நத்தார்ப் பெருநாளுக்கு ஒரு காவல்காரன் இரகசியமாக ஓர் ஆரஞ்சு, ஒரே ஒரு தோடம்பழம், கொடுத்தான். பழத்தை அன்றைக்கே தின்றுவிட்டு, தோலைச் சட்டைக்குள் வைத்துப் பதினொரு நாள் மணந்துகொண்டிருந்தார் லெஸ்கானோ. பிறகு அவரை நாடு கடத்தினார்கள். எண்பத்து மூன்றில் ஆட்சி மாறியது. நாடு திரும்பினார். பிறந்த ஊரின் ஸ்ரேசனில் போய் இறங்கியபோது எங்கே போயிருந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை என்ற வரியோடு புத்தகம் முடிகிறது.

கடைசிப் பக்கம் கிழியாத லெஸ்கானோவை மரியரட்ணம் வாசித்தது அதுதான் முதல் தரம். கூண்டுக்குள் இருந்து அழுதார். புத்தகத்தின் பின்பக்கம் ஒட்டியிருந்த, இரவல் போன நாளைக் குறிக்கும் திகதித் தாளில் மூன்றே மூன்று முத்திரை இருந்தது. அதில் ஒன்று அவருடையது. இந்தப் பெரிய நகரத்தில் இப்படியொரு மனுசனை வாசிக்க ஆளில்லையே என்று மனம் நொந்தார். அந்த நோவில் ஒரு துளி பெருமையும் இருந்தது. தமிழர் சிலர் சேர்ந்து போட்டோக்கொப்பி அடித்துக் கம்பி குத்தி வெளியிட்ட மாத இதழில் லெஸ்கானோவின் வரலாறு வெளிவந்தது. அது முப்பத்தோராவது.

சீமோன் வந்தது அதற்கடுத்த மாசி மாதத்தில். பேசாலைக் கடல்தொழிலாளி, இருபத்தேழு வயது. பார்க்டேல் பகுதியில் ஐந்து பேரோடு ஓர் அறையில் இருந்து, உணவுக்கடையில் கோப்பை கழுவினான். வாவிக்கரை வழி கிட்ட இருந்தும் மூன்று தெரு சுற்றித்தான் வேலைக்குப் போவான். மனைவி கிளடிசும் இரண்டு வயது மகளும் மண்டபம் அகதி முகாமில். அந்த நாட்களில் இலங்கைத் தமிழரை ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் அகதி என்று ஏற்றுக்கொண்ட கடதாசி கையில் இல்லாதவன் பெண்சாதி பிள்ளையைக் கூப்பிட முடியாது. அந்தக் கடதாசிக்கு விசாரணையில் தன் கதையைச் சொல்ல வேண்டும். சீமோனுக்கு இங்கிலிஸ் தெரியாது, தமிழிலும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். ஞாயிறு பூசை முடிந்த பிறகு யாரோ அவனுக்கு மரியரட்ணத்தைக் காட்டிவிட்டார்கள். எழுத்தாளர், எல்லாம் வடிவாக எழுதுவார் என்றார்கள்.

பதினேழாம் மாடிக்கு வந்த சீமோன் கதிரையைத் திருப்பி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். தூரத்தில் கடல் மாதிரிப் பெரிய வாவி தெரியும் ஜன்னல் அது. வந்த ஆட்களெல்லாம் முதலில் அதனருகே போய் நிற்பார்கள். மரியரட்ணம் அதைக் கவனித்தார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. பேனாவைத் திறந்துகொண்டு, என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார்.

"கடலுக்குப் போனனாங்கள், அண்ணை. நானும் தம்பி நாயகமும். நேவியின்ரை பீரங்கிப் படகு வந்தது. தம்பி கடலுக்கை போயிற்றான். நான் வந்திற்றன்."

"சுட்டவங்களோ?"

"இல்லை."

"பிறகு?"

"பிறகு ஒண்டும் இல்லை."

இன்னும் இரண்டு ஞாயிறு கேட்டார். அதே சொற்கள், அதே ஒழுங்கு. மூன்றாம் தரம் கேட்டபோது சீமோன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, "நீங்களே பாத்து எழுதுங்கோ அண்ணை" என்றான். இந்த இடத்தில்தான் மரியரட்ணம் பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்திருக்க வேண்டும். ஒரு மாதம், இரண்டு மாதம், தேவையென்றால் ஒரு வருடம். ஆனால் ஐந்து வரியை ஆறு பக்கமாக்கிப் பழகிய கை சும்மா இருக்குமா? தம்பி படகில் இருந்து தவறி விழுந்துவிட்டான், அவ்வளவுதான், இதைச் சொன்னால் யார் அகதியென்று ஏற்பார்கள் என்று அவராகவே முடிவு கட்டினார்.

லெஸ்கானோவின் துன்பத்தை எடுத்து சீமோனுக்குக் கொடுத்தார். நிலவறையை இராணுவ முகாமின் பின்கட்டாக்கினார். காரை ஜீப்பாக மாற்றினார். பேக்கரி அப்படியே இருந்தது, பேக்கரி இல்லாத ஊர் எது? மன்னாரில் எத்தனையோ பெடியளைப் பிடித்து அப்படித்தான் வைத்திருந்தார்கள், நடக்காத ஒன்றையா எழுதுகிறேன் என்று தன்னையே சமாதானப்படுத்தினார். யூஜினி எழுதியதை வாசித்துவிட்டு முகம் சுளித்தாள்.

"இது ஆரின்ரை கதை?"

"சீமோன்ரை."

"தோடம்பழம் ஆரின்ரை?"

அதை எடுத்துவிடுங்கோ என்றாள் யூஜினி. எடுத்திருக்கலாம். ஆனால் அந்தப் புத்தகத்திலேயே அழகான வரி அதுதான். அதை விட அவருக்கு மனம் வரவில்லை. முழு உலகத்தையும் ஏமாற்றத் துணிந்தவருக்கு ஒரு நல்ல வரியை வெட்டத் துணிவில்லை.

சீமோன் ஏன் ஒத்துக்கொண்டான் என்று கேட்கலாம். பேசாலையில் பெரிய கிழமையில் சிலுவையில் அறையப்பட்ட ஆண்டவருடைய பாடுகளை ராகத்தோடு வாசிப்பார்கள். சீமோனின் தகப்பன் அதில் பேர்போன வாசிப்புக்காரர். கல்தூணில் கட்டி அடித்த இடம் வரும்போது அவருடைய குரல் உடையும், கோயில் முழுக்க அழும். வேறொருவர் பட்ட பாட்டை, வேறொருவர் எழுதிய சொல்லில், தன் கண்ணீரோடு சொல்வது அந்த ஊரில் பொய்யல்ல, புண்ணியம். மரியரட்ணமும் அதே மறையில் வளர்ந்தவர். எழுதிக் கொடுத்ததை அவர் வாசிக்க வாசிக்க, சீமோன் ஒரு மாதத்தில் முழுவதையும் பாடமாக்கினான். தன் கதையைச் சொல்ல வாய் வராதவனுக்கு இன்னொருவன் கதை தண்ணீர் மாதிரி வந்தது.

எண்பத்தாறு ஐப்பசியில் விசாரணை. சிறிய அறை, மேசையில் ஒலிப்பதிவுக் கருவி, நரைத்த கூந்தலை இறுக்கி முடிந்த பெண் அதிகாரி, மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். உதவிக்கு ஒருவர் கூட இருக்கலாம் என்றபடியால் மரியரட்ணம் மூலையில் இருந்தார். சத்தியம் செய்துவிட்டு சீமோன் தொடங்கினான். பெரிய கிழமை ராகம் குரலில் தானாக ஏறியது. கண்கட்டு வந்த இடத்தில் அழுதான். பாண் வாசனை வந்த இடத்தில் மொழிபெயர்ப்புக்காரியும் அழுதாள். மரியரட்ணத்துக்கே மெய்சிலிர்த்தது. தோடம்பழம் வந்ததும் அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

"அந்தத் தோலை எத்தனை நாள் வைத்திருந்தீர்கள்?"

"பதினொரு நாள்."

"பிறகு என்ன செய்தீர்கள்?"

எழுதிக் கொடுத்ததில் அதற்குப் பதில் இல்லை. சீமோன் மூலையைத் திரும்பிப் பார்த்தான். அதிகாரியும் அவன் பார்த்த திசையில் பார்த்தார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. தெரிந்த மனிதர் ஒருவரை எதிர்பாராத வீட்டில் கண்டவரின் முகம்தான் இருந்தது. திகதித் தாளில் இருந்த மற்ற இரண்டு முத்திரைகள் அந்தக் கணத்தில் மரியரட்ணத்துக்கு நினைவு வந்தன. லெஸ்கானோவை வாசிக்க இந்த நகரத்தில் தன்னைத் தவிர ஆளில்லை என்று நினைத்தாரே, குடிவரவு அதிகாரியும் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ப் புத்தகம் வாசிப்பார் என்று அவருக்கு ஒருபோதும் தோன்றவில்லை. தலைமன்னாரில் அவர் கண்ட அதிகாரிகள் ஒருவரும் வாசித்ததில்லை.

அடுத்த வருடம் பங்குனியில் கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஆர்ஜென்ரீன எழுத்தாளரின் பெயர், புத்தகத்தின் பெயர், பக்க இலக்கம் எல்லாம் பிழையில்லாமல் இருந்தன. மரியரட்ணம் கடிதத்தோடு பார்க்டேலுக்குப் போய், அறையில் இருந்த மற்ற ஆட்களின் முன்னால் சீமோனின் கையைப் பிடித்து அழுதார். நான்தான் உன்னைக் கெடுத்தேன் என்றார். சீமோன் கோபப்படவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, ஒரு ஞாயிறு பின்னேரம், உருகும் பனியை மிதித்துக்கொண்டு சீமோன் பார்க்கிங் கூண்டுக்கு வந்தான். ஓர் ஆள் இருக்கிற கூண்டுக்குள் இரண்டு பேரும் ஒட்டி நின்றார்கள். காலடியில் சின்ன ஹீற்றர். சீமோன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினான்.

"தம்பியின்ரை காலிலை நங்கூரக் கயித்தைக் கட்டச் சொன்னாங்கள். நான்தான் கட்டினனான்."

ஒரு கார் வந்து நின்றது. மரியரட்ணம் சீட்டை வாங்கி வாசல் தடுப்புத் தடியை உயர்த்தினார். கார் போனது.

"நங்கூரத்தைப் போடச் சொன்னாங்கள். போடாட்டி ரெண்டு பேரையும் சுடுவம் எண்டாங்கள். தம்பிதான், போடு அண்ணை எண்டான். போட்டன்."

ஊரில் என்ன சொன்னாய் என்று மரியரட்ணம் கேட்டார். தவறி விழுந்துவிட்டான், உடல் கிடைக்கவில்லை என்று சொன்னானாம். தாய்க்குத் தெரியாது, கிளடிசுக்கும் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. ஏன் கதிரையைத் திருப்பிப் போட்டான், பார்க்டேலில் வாவிக்கரை வழி பக்கத்தில் இருக்க ஏன் மூன்று தெரு சுற்றி வேலைக்குப் போனான் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மரியரட்ணத்துக்கு விளங்கியது. மூன்று ஞாயிறும் இவ்வளவும் அந்தக் கதிரையில்தான் இருந்திருக்கிறது. ஒரு வாக்கியத்தைத் தேடி இந்த மனுசனை விட்டுவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டார்.

மேன்முறையீடு செய்தார்கள். இந்த முறை மரியரட்ணம் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. உண்மையைச் சொல், அதுவே போதும் என்றார். விசாரணை எண்பத்தெட்டு தையில் நடந்தது. மூன்று பேர் இருந்து கேட்டார்கள். சீமோன் கூண்டுக்குள் சொன்ன அதே நான்கைந்து வரியைச் சொன்னான். ராகம் இல்லை, கண்ணீர் இல்லை. கடையில் சாமான் பட்டியல் சொல்வதுபோலச் சொல்லி முடித்துக் கைகளை மேசையில் வைத்தான். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றான்.

அந்த நேரம் கிளடிஸ் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம் வந்த பிறகு முகாமில் இருப்பவர்களைக் கப்பலில் ஊருக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். விரும்பியவர்கள் பெயர் கொடுக்கலாம். பெயர் கொடுக்கவா, காத்திருக்கவா என்று கேட்டாள். பிள்ளைக்கு நாலு வயசாகிறது, அப்பா எப்படி இருப்பார் என்று கேட்கிறாள் என்றும் எழுதியிருந்தாள். சீமோன் சொல்லச் சொல்ல மரியரட்ணம்தான் பதில் எழுதினார். காத்திரு, இந்த முறை உண்மையைச் சொல்லியிருக்கிறம் என்று எழுதச் சொன்னான். எந்த உண்மை என்று கிளடிஸ் திருப்பிக் கேட்டாள். அதற்கு அவன் பதில் போடவில்லை.

ஆடி மாதம் தீர்ப்பு வந்தது. சீமோன் உறையைப் பிரிக்காமலே பதினேழாம் மாடிக்குக் கொண்டு வந்தான். வழக்கம்போல ஜன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்தான். யூஜினி குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மரியரட்ணம் ஒருமுறை மனதுக்குள் வாசித்தார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் சீமோனுக்கு விளங்கிவிட்டது.

"சொல்லுங்கோ அண்ணை. ஒண்டையும் விடாதேங்கோ. ஒண்டையும் சேக்கவும் வேண்டாம்."

மரியரட்ணம் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். விண்ணப்பகாரர் முதல் விசாரணையில் ஒரு நாவலாசிரியரின் அனுபவத்தைத் தன்னுடையதாகச் சத்தியம் செய்து சொன்னவர். தான் படாத துன்பத்தைச் சொல்லும்போது அன்று கண்ணீர் விட்டு அழுதிருக்கிறார். இப்போது தன் சொந்தத் தம்பியின் சாவைச் சொல்லும்போது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாவது கதை முதலாவதைவிடவும் நாவல் தன்மை கூடியதாக இருக்கிறது. ஆகவே சொல்லப்பட்ட சம்பவம் நடந்திருக்கவில்லை என்றே இந்தச் சபை முடிவு செய்கிறது.

"நடக்கேல்லையெண்டோ எழுதியிருக்கு?"

"ஓம்."

"மூண்டு பேரும் கையெழுத்து வைச்சிருக்கினமோ?"

"ஓம், சீமோன்."

சீமோன் எழும்பிக் கதிரையைத் திருப்பினான். இரண்டரை வருடத்தில் முதல் முறையாக ஜன்னலுக்கு நேரே இருந்து வாவியைப் பார்த்தான். வெயிலில் அது அசையாமல் கிடந்தது. யூஜினி குழாயைப் பூட்டினாள். கோபமோ கேலியோ இல்லாமல், வழி கேட்கிற குரலில் சீமோன் கேட்டான்.

"அப்ப என்ர தம்பி எங்கை, அண்ணை?"

வெற்றிடம் கண்ட இடமெல்லாம் நிரப்பிய மனுசன் தீர்ப்பை மடித்து உறைக்குள் போட்டார். யூஜினி ஈரக் கையோடு வந்து கதவு நிலையில் நின்று அழுதாள். சீமோன் அழவில்லை. பிறகு அவனே மேசையில் கிடந்த கடிதத் தாளை எடுத்து மரியரட்ணத்தின் முன்னால் வைத்தான்.

"கிளடிசுக்கு எழுதுங்கோ. காத்திருக்க வேண்டாம். கப்பலுக்குப் பேரைக் குடு. பிள்ளையைக் கடல்கரைக்கு விடாதை."

வேறென்ன எழுத என்று மரியரட்ணம் கேட்டார். அவ்வளவுதான் என்றான் சீமோன். மரியரட்ணம் அந்த மூன்று வரியையும் எழுதினார். ஒரு சொல்லும் கூட்டவில்லை. கீழே சீமோன் மெதுவாக எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் போட்டான். அதற்குப் பிறகு மரியரட்ணம் ஒன்றும் எழுதவில்லை.